டீமேக்கர் வீட்டுக்கு ஒரு லேசான சிஸ்டம்

திரையில் கதாநாயகி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"என்னாங்க, இவ பாடுறாளா, கொட்டாவி விடுறாளா?" என்று கேட்டாள் பாக்கியலெட்சுமி.

"பாடுறா. கொஞ்சம் பொறு" என்றார் மாடசாமி.

பொறுத்தார்கள். பாட்டு முடிந்தது. யாரோ யாரையோ அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு கார் மோதியது. கதாநாயகி மட்டும் வாயை மூடவில்லை. டிவிக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர், தேயிலை அரைக்கிற ரோலர் போல இரைந்துகொண்டிருந்தது. மாடசாமி அதன் தலையில் கை வைத்துப் பார்த்தார்.

"காய்ச்சல் அடிக்குது" என்றார்.

மகள் துஷாந்தினி கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் அது. அதை டிவியோடு இணைத்து, படம் பார்ப்பதற்கென்றே வைத்துவிட வேண்டும் என்பது மாடசாமியின் திட்டம். அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில், "பதுளைக்குக் கூட்டிப்போய் தியேட்டர்ல படம் காட்டுறேன்" என்று பாக்கியலெட்சுமிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கொஸ்லந்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவர் டீமேக்கர், பெக்டரியில் தேயிலை செய்வதற்குப் பொறுப்பானவர். ராத்திரியெல்லாம் பெக்டரியில் கொழுந்து வாடும். பகலெல்லாம் இவர் வீட்டில் தூங்குவார். படம் பார்க்க நேரமே வாய்க்கவில்லை. பென்ஷனோடு அப்புத்தளைக்கு வந்து, ஸ்டேஷனுக்கு மேலே சின்னதாக ஒரு வீடும் கட்டிக் குடியேறிய பிறகுதான் அந்த வாக்கு ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் பாக்கியலெட்சுமிக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. அவளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போக முடியாவிட்டால் தியேட்டரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவது என்று முடிவுசெய்தார்.

வேலையை விட்டு வந்ததிலிருந்து அவர் எடுத்த முதல் முடிவு அதுதான். அதுவரை சாரத்தைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். வெளியே பனிமூட்டம் ஏறும், இறங்கும். "கடைக்குப் போயிட்டு வாங்களேன்" என்றால், "என்னத்துக்கு?" என்பார். பெக்டரியில் ஒரு சத்தம் போட்டால் நூறு பேர் நிமிர்ந்து பார்த்த மனிதர். இங்கே அவர் குரலுக்கு நிமிர்வது பூனை ஒன்றுதான். அதுவும் பக்கத்து வீட்டுப் பூனை.

மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினார்.

பதுளைக் கடைவீதியில் நப்ரீஸின் கம்ப்யூட்டர் கடை, இரண்டு துணிக்கடைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது. நப்ரீஸ் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த தூசியை ஊதித் தள்ளிவிட்டுச் சொன்னான்.

"மெஷின்ல பழுதில்ல ஐயா. உள்ளுக்கு ஈக்கிற சிஸ்டம்தான் இதுக்குப் பாரம். லேசான சிஸ்டம் ஒண்டு போடணும்."

மாடசாமி கம்ப்யூட்டரைத் தூக்கிப் பார்த்தார்.

"எத்தன கிலோ கொறையும்?"

"அந்தப் பாரம் இல்ல ஐயா. இது கண்ணுக்குத் தெரியாத பாரம். லினக்ஸ் எண்டு ஒண்டு ஈக்கி. அதுல நூறு வகை ஈக்கி."

"டீயில கிரேடு இருக்குற மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்ப நல்ல கிரேடாப் பாத்துப் போடுங்க. டஸ்ட்டு கிஸ்ட்டு போட்டுறாதீங்க."

கடை மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்தார். பெயர் பாறூக். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தன்னுடைய மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்து, பழுது பார்த்து முடிந்த பிறகும் தினமும் வந்து உட்கார்ந்திருப்பவர்.

"சேர், நான் செல்றத கேளுங்க. சிஸ்டம் முக்கியமில்ல. கேர்னல் புதுசா இருக்கணும்" என்றார் பாறூக்.

"கேணலா? ஆர்மிக்கும் இதுக்கும் என்னாங்க சம்பந்தம்?"

அதை விளக்க பாறூக்குக்கு மத்தியானம்வரை எடுத்தது. விளக்கி முடித்தபோது மாடசாமிக்கு முன்னைவிடக் குழப்பமாக இருந்தது. பாறூக்குக்கும்கூடக் கொஞ்சம் குழப்பம் வந்திருந்தது. இரண்டு பேரும் பக்கத்துக் கடையில் டீ குடித்தார்கள். "இது டீயே இல்லங்க, தப்பான தண்ணி" என்று மாடசாமி ஆரம்பித்து, இலை எப்படி வாட வேண்டும் என்று கடைசி பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்புவரை பேசினார்.

அன்று சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்தபடி பேசிக்கொண்டேயிருந்தார். நப்ரீஸ் இப்படிச் சொன்னான், பாறூக் அப்படிச் சொன்னார், ரெண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் நல்ல மனுசர்கள். பாக்கியலெட்சுமி தன் சோற்றை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லேசான சிஸ்டத்தில் படம் ஓடியது. கதாநாயகி வாயை மூடினாள். இருவரும் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்துப்போனது. கீபோர்டைத் தட்டினால் படம் வரும். வந்து, கொஞ்சம் ஓடி, மறுபடி கறுக்கும்.

"தூங்கிப்போகுதுங்க" என்றாள் பாக்கியலெட்சுமி.

"நம்ம தூங்கினாலும் அது முழிச்சிருக்கணும். அதுக்குத்தான் தியேட்டர்னு பேரு" என்றார் மாடசாமி. அவர் மறுபடியும் போவதற்குள் பாக்கியலெட்சுமிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் கண் காட்டுகிற நாள் வந்தது. துணைக்கு வருவதாகச் சொன்னார். "வேணாங்க, நீங்க கம்ப்யூட்டரப் பாருங்க" என்று தனியாகவே போய்வந்தாள்.

அடுத்த முறை அவர் போனபோது, நப்ரீஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"ஐயாவுக்கு இந்த வகை சரிவராது. இன்னொண்டு போட்டுப் பாப்பம். இத விட லேசு. இங்கிலீஸ்ல இதுட பேரு நாய்க்குட்டி."

"நாய்க்குட்டியா?"

"பேருதான் ஐயா. கடிக்காது."

மாடசாமி அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார். "பாக்கியம், வர நேரமாகும். நாய்க்குட்டி போட்டுக்கிட்டிருக்காங்க."

"எத்தன குட்டிங்க?" என்று கேட்டாள் பாக்கியலெட்சுமி. அவர் வீட்டுக்குப் போனபோது கதவருகில் ஒரு பழைய கோப்பையில் பால் வைத்திருந்தது.

நாய்க்குட்டி நன்றாகத்தான் ஓடியது. ஒரே ஒரு குறை. நிறுத்திவிட்டு மறுநாள் போட்டால், எல்லாவற்றையும் மறந்துபோய் முதலிலிருந்து கேட்டது. என்ன மொழி? எந்த நாடு? மணி என்ன? படங்களை எங்கே வைத்திருக்கிறாய்?

"ஒவ்வொரு நாளும் நான் யாருன்னு கேக்குது பாக்கியம்!"

"சொல்லுங்களேன். மெதுவாப் பழகிக்கும்."

நான்கைந்து நாள் பதில் சொல்லிப் பார்த்தார். அது பழகவில்லை. "பரவாயில்லங்க, நாளைக்கே பஸ்ஸப் புடிங்க" என்று பாக்கியலெட்சுமி அவருடைய கால்சட்டையை அயர்ன் பண்ணி வைத்தாள். நப்ரீஸுக்கென்று ஒரு டின் நிறைய முறுக்கும் கொடுத்தாள். "பாவம், நமக்காக எவ்வளவு மெனக்கெடுறாரு."

பஸ் கண்டக்டருக்கு இப்போது மாடசாமியைத் தெரியும்.

"ஐயா, மறுபடியும் மடியில கம்ப்யூட்டரா?"

"ஆமா தம்பி. லேசான சிஸ்டம்."

"பாத்தா பாரமா இருக்கே."

"அது கண்ணுக்குத் தெரியிற பாரம்" என்று ஆரம்பித்து, பண்டாரவளை வரும்வரை கண்டக்டருக்கு விளக்கினார். முன் சீட்டில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர் திரும்பி உட்கார்ந்து கேட்டார். அவர்களுடைய மடத்திலும் மெதுவாக ஓடுகிற கம்ப்யூட்டர் ஒன்று இருந்ததாம். மாடசாமி அவருக்கு நாய்க்குட்டியைச் சிபாரிசு செய்யவில்லை.

கடையில் பாறூக் காத்திருந்தார். "நான் அண்டைக்கே செல்லல்லயா சேர்? லேசு லேசு எண்டு போனா இப்புடித்தான். மூளையும் லேசாப் போகும்."

நப்ரீஸ் எதையோ தட்டினான், எதையோ அழித்தான், வேறொன்றைப் போட்டான். இந்த முறை அதன் பெயர் மாடசாமியின் வாயில் நுழையவில்லை. வீட்டில் போய்ப் போட்டால், இரண்டு நாள் நன்றாக ஓடி, மூன்றாம் நாள் படத்தின் வேகம் கூடிவிட்டது. சாவு வீட்டுக் காட்சியில் எல்லோரும் ஓடி ஓடி அழுதார்கள். பாக்கியலெட்சுமி சிரித்துச் சிரித்து முழங்கால் வலியை மறந்துவிட்டாள்.

மாடசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. கொழும்பில் இருக்கும் மருமகன் சுரேஸுக்குப் போன் போட்டார்.

"மாமா, அந்தக் கடைக்காரர் என்னா செய்றார்னே எனக்கு வெளங்கல. நீங்களே செட்டிங்ஸ் போய்ப் பாருங்க. டிஸ்ப்ளேன்னு ஒன்னு இருக்கும்."

இருந்தது. அதற்குள் ஒரு அம்புக்குறியும் இருந்தது. மாடசாமி அதை அமுக்கினார். படம் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. அதை நிமிர்த்த அமுக்கியபோது தலைகீழாகத் தொங்கியது. மறுபடி அமுக்கினால் மறு பக்கமாகச் சாய்ந்தது. இந்த நேரம் பார்த்து, சாய்ந்த திரையில் மவுஸும் சாய்ந்துவிட்டது. மேலே தள்ளினால் அம்பு இடது பக்கம் போனது. இடது பக்கம் தள்ளினால் எங்கேயோ போனது.

"விடுங்க. நாம சாஞ்சுக்குவோம்" என்றாள் பாக்கியலெட்சுமி.

இருவரும் பாயைப் போட்டு ஒருக்களித்துப் படுத்தார்கள். அப்படிப் பார்த்தால் படம் நிமிர்ந்து தெரிந்தது. பாதிப் படத்தில் மாடசாமியின் கழுத்து பிடித்துக்கொண்டது.

மறுநாள் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு பதுளைக்குப் போனார். பாறூக் கடையிலேயே நின்று கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். நப்ரீஸின் முகம் மட்டும் சரியில்லை.

"ஐயா, இது நான் செஞ்சதில்ல" என்றான்.

"நீங்க செஞ்சதுன்னு யார் சொன்னா? நான் செஞ்சது."

"அப்ப சரி" என்று நிம்மதியாக மூச்சு விட்டான். மாடசாமிக்கு அது விளங்கவில்லை. ஆனால் இந்தக் கடையில் விளங்காத விஷயங்கள் நிறைய இருந்ததால், அதையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டார்.

"ஐயா, கடைசியா ஒண்டு ஈக்கி. இது படம் பாக்குறதுக்கு எண்டே செஞ்ச சிஸ்டம். வேற ஒரு வேலையும் செய்யாது. சுவிட்சப் போட்டா நேரா தியேட்டர்தான்."

"இத ஏன் மொதல்லயே போடல?"

நப்ரீஸ் பாறூக்கைப் பார்த்தான். பாறூக் தெருவைப் பார்த்தார்.

"அனுபவம் வேணுமே ஐயா" என்றான் நப்ரீஸ்.

அது உண்மையிலேயே தியேட்டர்தான். சுவிட்சைப் போட்டதும் படங்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் தொட்டால் ஓடியது. கறுக்கவில்லை, மறக்கவில்லை, சாயவில்லை. சத்தம்தான் வரவில்லை. டிவியின் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிப் பார்த்தார். ஊமைப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

மாடசாமி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு படம். முழுசாக ஒரே ஒரு படம் இவளுக்குக் காட்டிவிட வேண்டும். அதற்கு இவ்வளவு சிஸ்டமா?

"அந்த வெள்ளச்சட்ட என்னா சொல்றான்?" என்று பாக்கியலெட்சுமி கேட்டாள்.

அவர் திரையைப் பார்த்தார். "ம்... 'இந்த வீட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன்'ங்கிறான்."

"அவ?"

குரலை மெல்லியதாக்கிக்கொண்டார். "'போனா போங்க, டீ குடிச்சிட்டுப் போங்க'ங்கிறா."

அன்று முழுப் படத்துக்கும் மாடசாமியே பேசினார். வில்லனுக்குப் பெக்டரிக் குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பூனையும் வந்தது. படம் முடிந்ததும் பாக்கியலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்பிடியே இருக்கட்டுமேங்க" என்றாள்.

"ஊமைத் தியேட்டர் எங்கயாவது இருக்கா?" என்றார் மாடசாமி.

அடுத்த நாள் அவர் பஸ் ஏறவில்லை. இதுவரை எல்லோரும் சொன்னதைக் கேட்டாகிவிட்டது. பெக்டரியில் ஒரு மெஷின் நின்றால் என்ன செய்வார்? முதல் பட்டையிலிருந்து கடைசி ஆணிவரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். அதேபோல் மெனுவைத் திறந்து, ஒவ்வொரு வரியாக இறங்கினார். விளங்காததைத் தொடவில்லை. அம்புக்குறி இருந்த இடத்தைத் தூரத்திலேயே தாண்டிப் போனார். பின்னேரம் ஒரு இடத்தில் 'ஓடியோ' என்று கண்டார். சத்தம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அங்கே இரண்டு வழி இருந்தது. யாரோ தவறான வழியில் அடையாளம் போட்டிருந்தார்கள். சரியான வழிக்கு மாற்றினார்.

சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி வைத்திருந்த டிவி இடி போல முழங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பாக்கியலெட்சுமி அகப்பையோடு ஓடி வந்தாள்.

"பாக்கியம்! சத்தம்! சரியாயிருச்சு!"

அவள் அப்படியே நின்றாள். "சரியாயிருச்சா? முழுசாவா?"

"முழுசா! இனி இது கெடவே கெடாது. பதுளைக்கு அலையத் தேவையில்ல. நம்ம ரெண்டு பேரும் வீட்டோட உக்காந்து பாக்க வேண்டியதுதான்."

அவள் கண் கலங்கியது. எத்தனை வருச ஆசை, பாவம் என்று மாடசாமி நினைத்துக்கொண்டார். அன்று இருவரும் ஒரு முழுப் படம் பார்த்தார்கள். படம் சரியாகத் தொடங்கி, சரியாக ஓடி, சரியாக முடிந்தது. முடிந்த பிறகு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் வரவில்லை.

காலையில் மாடசாமி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தார். மூட்டம் ஏறியது. எழுந்தார். நப்ரீஸிடம் விஷயத்தைச் சொல்லாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று பட்டது. போனில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இதையெல்லாம் நேரில் சொல்ல வேண்டும். மீசைக்குக் கறுப்புப் பூசி, அயர்ன் பண்ணிய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் மடி வெறுமையாக இருந்தது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ஐயா, சிஸ்டம் எங்க?" என்றான் கண்டக்டர்.

"சரியாயிருச்சு தம்பி."

"அட, பாவமே" என்றான் கண்டக்டர்.

அன்று வெள்ளிக்கிழமை. கடையில் நப்ரீஸும் இல்லை, பாறூக்கும் இல்லை. ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நப்ரீஸின் மனைவி ரிஸ்கா என்று பேச்சில் தெரிந்தது. மாடசாமியை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

"அவர் ஜும்ஆவுக்குப் போயீக்கி. பாறூக் நாநாவும் போயிட்டார். என்ன வேணும்?"

"ஒன்னும் வேணாம்மா. அப்புத்தளையில இருந்து வாரேன். நப்ரீஸ் வந்தா ஒரு விசயம் மட்டும் சொல்லிருங்க. டீமேக்கர் வீட்டு கம்ப்யூட்டர் நேத்தோட நல்லாயிருச்சு. சத்தமெல்லாம் வருது."

ரிஸ்கா பதறி எழுந்து நின்றாள்.

"யா அல்லாஹ், நல்லாப் போச்சா? 'அது ஓடினா எங்க ஊட்டய்யா திரும்பவும் மூலைல குந்திக்குவாரு, கெட்டுக்கொண்டே ஈந்தாத்தான் பஸ் ஏறி வந்து நாலு பேரோட சிரிச்சிப் பேசுறாரு' எண்டு அந்த டீமேக்கர் ஊட்டம்மா ஆஸ்பத்திரிக்கு வந்த அண்டைக்கு இவர்ட கையப் புடிச்சி அழுதாங்களே, நீங்க பக்கத்து ஊட்டு ஆள்தானே, அந்தய்யாவுக்குத் தெரியாம மெஷினக் கெதியா இங்க தூக்கிட்டு வாங்க!"